ஆணியில் செம்பு படிகிறது, படிகமாக வளர மாட்டேன் என்கிறது

கேள்வி: ஓடக்கரை

வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இரும்பு ஆணியில் செம்பு படியும் இடப்பெயர்ச்சி வினையை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்றாள். உரக்கடையில் கால் கிலோ மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) வாங்கி வந்து, பழைய கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, நூலில் கட்டிய ஆணி ஒன்றைத் தொங்கவிட்டோம். ஐந்தே நிமிடத்தில் ஆணி சிவந்துவிட்டது. மறுநாள் காலையில் அதைச் சுற்றிச் செங்கல் பொடியைப் போன்ற ஒன்று தடித்திருந்தது. நூலைத் தொட்டவுடன் அது அப்படியே உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கிவிட்டது. நீலமாக இருந்த நீர் வெளிறிய பச்சையாகிவிட்டது.

பாடத்துக்கு இது போதும். ஆனால் போன மாதம் இதே மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, கட்டைவிரல் நகத்தளவு நீலப் படிகம் ஒன்றை அவள் வளர்த்து வைத்திருக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உப்பு மட்டும் இவ்வளவு அழகாகப் பட்டை பிடித்து வளர்கிறதே, செம்பு ஏன் பொடியாகவே வருகிறது? அதுவும் படிகந்தானே?" என்று கேட்கிறாள்.

துத்தநாகப் பூச்சுள்ள ஆணியைப் போட்டுப் பார்த்தோம். கறுத்த பஞ்சு போல ஏதோ வந்தது. சமையல் உப்பு சேர்த்தால் வினை மெதுவாகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நீல நீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டோம். நீர் கிளிப்பச்சையாக மாறி, ஆணிக்கடியில் அரிசி மாவு போன்ற வெள்ளைப் படிவு ஒன்று சேர்ந்தது. கண்ணால் பார்க்கும்படியான, பளபளக்கும் செம்புப் படிகத்தை வீட்டில் வளர்க்க வழி இருக்கிறதா? மின்சாரம் தேவைப்படுமா? செய்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: சுண்ணக்கட்டி

மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குவளையின் அடியில் தங்கிய சேறும் படிகந்தான். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, அவ்வளவுதான். நாற்றங்காலில் விதையை அள்ளிக் கொட்டினால் முளைப்பது எல்லாம் முளைக்கும், ஆனால் ஒரு நாற்றுக்கும் தடிக்க இடமிருக்காது. அதுபோல, நீல நீரில் ஆணியை நேரடியாக நட்டால் அதன் மேற்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான செம்புத் துகள்கள் முளைக்கின்றன. கரைசலில் இருக்கும் செம்பை அவை பங்குபோட்டுத் தின்றுவிடுவதால் எதுவும் பெரிதாவதில்லை. இரும்புக்கும் செம்புக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.78 வோல்ட்; துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இடையில் அது 1.10 வோல்ட். பூச்சுள்ள ஆணியில் இன்னும் நுண்ணிய கரும்பஞ்சு வந்தது அந்தக் கூடுதல் அவசரத்தால்தான்.

ஆகவே செம்பு இரும்பைச் சென்றடையும் வழியை நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஆக்க வேண்டும். உப்பு உதவும் என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் உப்பைக் கரைத்து ஊற்றக் கூடாது, கரையாத படுகையாக நடுவில் நிறுத்த வேண்டும்.

அரை லிட்டர் ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 30 கிராம் மயில்துத்தத்தைப் பொடியாக்காமல் கட்டிகளாகவே பரப்புங்கள். கல்லுப்பை ரவை பதத்துக்கு இடித்து, தெவிட்டிய உப்புநீரில், அதாவது 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 36 கிராம் என்ற அளவில் இனி கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்த நீரில், பிசைந்து, மயில்துத்தத்தின் மேல் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு அழுத்திப் பரப்புங்கள். விளிம்பில் இடைவெளி விட்டால் நீலம் அந்த வழியாக மேலே ஓடிவரும், எனவே கரண்டியின் பின்புறத்தால் சுவரோடு சேர்த்து அமுக்குவது முக்கியம். அதன் மேல் வட்டமாக வெட்டிய வடிதாள் ஒன்று. வடிதாளின் மேல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சில்லாத ஆணிகள் நான்கைந்தைப் படுக்கவையுங்கள். கடைசியாகத் தெவிட்டிய உப்புநீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டுப் புட்டியின் கழுத்து வரை நிரப்பி மூடிவிடுங்கள். மேலே காற்று தங்கினால் ஆணி துருப்பிடித்துக் காவி நிறச் சேறு கட்டும்.

உப்புநீர் ஏற்கெனவே தெவிட்டியிருப்பதால் படுகை கரையாமல் நிற்கும். செம்பு அயனிகள் உப்பு மணிகளின் இடுக்குகளில் தட்டுத் தடுமாறி மேலே ஏறி வர வேண்டும். இப்படி ஊடுருவிப் பரவும் பயணத்தில் தொலைவு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். படுகையின் உயரம்தான் உங்கள் கையில் இருக்கும் கடிவாளம்.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. செம்பு ஆணியின் மேலேயேதான் படிய வேண்டும் என்பதில்லை. முதலில் ஆணியைத் தொட்டு முளைத்த செம்பு ஒரு கம்பியைப் போல மின்னணுக்களைக் கடத்துவதால், இரும்பு மேலே ஓரிடத்தில் கரைந்துகொண்டிருக்க, செம்பு கீழே இன்னோரிடத்தில், அயனிகள் வந்து சேரும் திசையை நோக்கி உப்புப் படுகைக்குள்ளேயே இறங்கி வளர்கிறது. உப்புநீர் அந்த மின்சுற்றை முடித்து வைக்கிறது. புட்டி முழுவதும் ஒரு சிறிய மின்கலம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

உப்பில் உள்ள குளோரைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது செம்போடு இணைவதால்தான் உங்கள் நீர் கிளிப்பச்சையாகியது. அந்தப் பச்சை நீர் உலோகச் செம்பைத் தொடும்போது குப்ரஸ் குளோரைடு என்ற வெள்ளைப் பொருள் உண்டாகும். நீங்கள் கண்ட அரிசி மாவு பெரும்பாலும் அதுதான். நீர்த்த கரைசலில் அது கரையாமல் தங்கிவிடும், தெவிட்டிய உப்புநீரிலோ கரைந்துவிடும். அப்படிக் கரைந்திருக்கும்போது சரியில்லாத இடத்தில் ஒட்டிய செம்பு அணு கழன்று வேறிடத்தில் பொருந்த வாய்ப்புக் கிடைப்பதால் பட்டைகள் ஒழுங்காக அமைகின்றன.

முதல் சிவப்புப் புள்ளிகள் தெரியச் சில நாட்களாகும்; கையில் எடுத்துக் காட்டும்படி வளர ஒரு மாதத்துக்கு மேல் விட வேண்டும். இரும்பைப் போட்டுச் செம்பை எடுக்கும் இந்த வித்தை புதியதன்று. 11ஆம் நூற்றாண்டிலேயே சோங் அரசர்களின் ஆட்சிக் காலத்துச் சீனத்தில், சுரங்க நீரில் இரும்பைப் போட்டு நாணயத்துக்கான செம்பைப் பெருமளவில் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொடியே போதுமானதாக இருந்தது, உருக்கப் போகிறார்கள் அல்லவா.

பதில்: முலாம்பட்டறை

ஐயா சொன்ன முறை சரியானது. ஆனால் ஒரு மாதம் கழித்துத் திறக்கும் வரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் உலோக முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்பவன். எனக்கு மின்சார முறையே பிடிக்கும், ஏனென்றால் அதில் வேகத்தை எண்ணாகவே சொல்லிவிடலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 1.186 கிராம் செம்பு படியும். அதற்குக் கூடவும் குறையவும் ஏறத்தாழ வாய்ப்பே இல்லை.

தேவைப்படுபவை குறைவு. செறிந்த மயில்துத்தக் கரைசல், அதில் மின்கல அமிலம் (வண்டி மின்கலத்தில் ஊற்றும் கந்தக அமிலம்) சில துளிகள், நேர்முனையில் தடித்த செம்புக் கம்பி, எதிர்முனையில் மெல்லிய செம்புக் கம்பி, பழைய கைபேசி மின்னேற்றி ஒன்று. அமிலத்தைப் பெரியவர்களே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கரைசலில் விட வேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இரண்டு முனைகளும் செம்பாக இருப்பதால் கலத்துக்கென்று எதிர்ப்பு அழுத்தம் கிட்டத்தட்டக் கிடையாது, எனவே இடையில் மின்தடை வைக்காமல் மின்னேற்றியை நேராக மாட்டினால் மின்னோட்டம் எகிறிவிடும். 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம் மின்தடை வைத்தால் இரண்டு மில்லிஆம்பியரைச் சற்றே தாண்டி ஓடும். அங்கிருந்து தொடங்குங்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை பொறுமையில்லாமல் அரை ஆம்பியர் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கம்பியைச் சுற்றிக் கேழ்வரகுக் களி போன்ற ஒன்று தொங்கியது. தூக்கியவுடன் தொப்பென்று விழுந்தது. கணக்குப்படி செம்பு வந்திருந்தது, படிகம் ஒன்றுகூட இல்லை.

இடைப்பட்ட வேகத்தில் வைத்தால் பெரணி இலையைப் போலக் கிளை கிளையாக வரும். எந்தக் கிளை தற்செயலாக ஒரு முடியளவு முன்னே நீண்டதோ அதற்கே அயனிகள் முதலில் கிடைக்கும். கிடைத்தது மேலும் நீளும், பின்தங்கிய பள்ளங்கள் பட்டினி கிடக்கும். இதே ஏற்றத்தாழ்வைத்தான் 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் கணினியில் புள்ளி புள்ளியாக அலையவிட்டு ஒட்டவைத்துக் காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த படமும் நம் கம்பியில் வளரும் மரமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பட்டறையில் நாங்கள் அன்றாடம் படிகம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் பாடுபடுகிறோம். செம்பைச் சுத்திகரிக்கும் ஆலைகளிலும் மின்கரைசலில் கொஞ்சம் வச்சிரப் பசையும் தயோயூரியாவும் சேர்ப்பார்கள். அவை முனைகளில் ஒட்டிக்கொண்டு முந்துவதைத் தடுக்கும், மேற்பரப்பு வழவழவென்று வரும். நீங்கள் எதையும் சேர்க்காதீர்கள். கரைசலில் பசையோ சோப்போ எண்ணெயோ கலந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி நைட்ரேட்டில் செம்புக் கம்பியைப் போட்டால் வெள்ளி மரம் இதைவிட அழகாக, சில மணி நேரத்திலேயே வளரும். இரசவாதிகள் அதை டயானாவின் மரம் என்றார்கள். ஆனால் விலை அதிகம், தோலில் பட்டால் கறுத்துப் போய் நாட்கணக்கில் அழியாது. ஈய மரத்தின் பக்கம் வீட்டில் போகவே வேண்டாம்.

பதில்: வெற்றிலைக்கொடி

நான் வேதியியல் படித்தவன் அல்லேன், வெற்றிலைக் கொடிக்காலில் மயில்துத்தத்தோடு காலம் தள்ளுகிறவன். வாடல் நோய்க்குப் போர்டோ கலவை தயாரிப்போம்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். பிரான்சில் 1885ஆம் ஆண்டு மில்லார்டே என்பவர் திராட்சைக்காக எழுதி வெளியிட்ட அதே கலவைதான். அதைத் தயாரித்தவுடன் பளபளப்பான கத்தியையோ அரிவாளையோ அதில் முக்கி எடுப்போம். இரும்பில் செம்புக் கறை ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும் என்று பொருள்; மேலும் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றி, கறை ஏறாத வரை சோதிப்போம். ஓடக்கரை அவர்களின் மகள் ஆணியில் பார்த்த அதே வினை எங்களுக்கு அன்றாட அளவுகோல். கலவையை இரும்பு வாளியில் கலக்கக் கூடாது, மண்பானை அல்லது பிளாஸ்டிக் தொட்டிதான் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

பெயரில் ஓர் எச்சரிக்கை. மயில்துத்தத்தைச் சித்த மருத்துவத்தில் துருசு என்பார்கள். துத்தநாகம் வேறு உலோகம். அன்னபேதி என்று கடையில் கொடுப்பது இரும்புச் சல்பேட். உங்கள் குவளையில் கடைசியில் மிஞ்சிய வெளிர்பச்சை நீரில் இருப்பதும் அதுதான். உரக்கடையில் வாங்கும் மயில்துத்தத்தில் இரும்புக் கலப்பு இருக்கக்கூடும், ஆகவே வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிட்டு, படிந்த நீலப் படிகங்களை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவது நல்லது. உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே கைவந்த கலை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மயில்துத்தம் விஷம். நிறத்தைப் பார்த்துச் சிறு குழந்தைகள் வாயில் போட்டுவிடுவார்கள், கண்ணில் தெறித்தால் கடுமையாகப் புண்ணாக்கும். கண்ணாடிக் குவளை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குவளையை இனிமேல் குடிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள், அடுப்படியில் வைத்தும் இதைச் செய்யாதீர்கள். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டினால் மீனுக்கும் தவளைக்கும் கேடு. பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு, நீல நிறம் முழுவதும் போகும் வரை இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் செம்பு வெளியே வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு உதவாது. படிந்த பொடியை உலர்த்தி ஒரு சிமிழில் போட்டு வையுங்கள்.

பதில்: ஓடக்கரை

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். மூவருக்கும் நன்றி.

முதல் புட்டி கெட்டுப்போனது, அதற்குக் காரணம் நான். மூன்றாம் நாள் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கப் புட்டியைச் சாய்த்தேன். படுகை ஒரு பக்கம் சரிந்து, நீலம் மேலே பாய்ந்து, மாலைக்குள் ஆணிகள் பழையபடி செங்கல் பொடியில் மூழ்கிவிட்டன. மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது புட்டியை அவளே கட்டினாள். சுத்திகரித்த மயில்துத்தம், மூன்றரை சென்டிமீட்டர் உப்புப் படுகை, வடிதாள், ஐந்து ஆணிகள். புட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்து, "தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டாள். நீலம் படுகையில் ஏற ஏறப் பச்சையாக மாறி, நாளுக்கு ஒரு கோடாக உயர்ந்தது. ஆறாம் நாள் வடிதாளுக்குக் கீழே, கண்ணாடிச் சுவரை ஒட்டி, மிளகாய் விதையைவிடச் சிறிய மூன்று சிவப்புப் புள்ளிகள். சுண்ணக்கட்டி ஐயா சொன்னபடியே அவை கீழ்நோக்கித்தான் நீண்டன.

முப்பத்தெட்டாம் நாள் திறந்தோம். படுகை கல்லாக இறுகியிருந்ததால் வெதுவெதுப்பான நீரை மெல்ல மெல்ல ஊற்றிக் கரைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆணிகள் அரித்து மெலிந்திருந்தன. வடிதாளின் அடியில் ஒட்டியிருந்தவற்றில் பெரியது ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கிளை. அதன் குச்சிகள் எல்லாம் தண்டிலிருந்து ஒரே சாய்வில் பிரிந்திருந்தன. ஆனால் மகள் எடுத்து வைத்துக்கொண்டது அதையல்ல. படுகையின் நடுவிலிருந்து தனியாக வந்த ஒரு மணி, விளிம்பு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். உருப்பெருக்கியில் பார்த்தால் முக்கோண முகங்கள் தெரிந்தன. சன்னல் வெளிச்சத்தில் திருப்பும்போது ஒவ்வொரு முகமும் ஒரு கணம் கண்ணாடி போல மின்னி அணைகிறது. எட்டு முகங்களில் ஆறு முழுமையாக இருக்கின்றன, அடியில் இரண்டு பக்கத்து மணியோடு ஒட்டிச் சிதைந்திருக்கின்றன.

உப்பு தங்கினால் களிம்பு ஏறும் என்பதால் பலமுறை நல்ல நீரில் அலசி, பாட்டி செம்புக் குடத்துக்குச் செய்வதைப் போல நீர்த்த புளிக்கரைசலில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, உலர்த்தினோம். இப்போது அவளுடைய அடுத்த கேள்வி: இந்த மணியையே விதையாக வைத்து, மின்சார முறையில் மேலும் பெரிதாக்க முடியுமா?

பதில்: முலாம்பட்டறை

முடியும், ஆனால் நான் முன்பு சொன்ன மின்தடை இதற்கு ஆகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மில்லிமீட்டர் விளிம்புள்ள எண்முகச் செம்புப் படிகத்தின் எடை ஏறத்தாழ 34 மில்லிகிராம். ஒரு மில்லிஆம்பியர் ஓடவிட்டால் ஒரே நாளில் 28 மில்லிகிராம் வந்து ஏறும். அந்த அவசரத்தில் மணியின் மேல் முள் முளைக்கும். 47 கிலோஓம் மின்தடை போடுங்கள், மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியராகும், நாளுக்கு மூன்று மில்லிகிராம். எடை இரண்டு மடங்காக ஏறக்குறைய பன்னிரண்டு நாள் பிடிக்கும், விளிம்போ இரண்டிலிருந்து இரண்டரையாகத்தான் நீளும்.

சிதைந்த அடிப்பக்கத்தில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி, கம்பி முழுவதையும் அந்தச் சிதைந்த முகங்களையும் நகப்பூச்சால் மூடி நன்றாகக் காயவிடுங்கள். இல்லையென்றால் செம்பு கம்பியின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல முகங்களை விரலால் தொடக் கூடாது, ரேகை பட்ட இடத்தில் புதுத் துகள்கள் முளைக்கும். கரைசலில் இறக்குவதற்கு முன் ஒருமுறை நீர்த்த அமிலத்தில் முக்கி எடுங்கள். மின்னேற்றியை முதலில் மாட்டிவிட்டு, பிறகு மணியை இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து முகங்களில் படிக்கட்டு போன்ற கோடுகள் தெரிந்தால் வளர்ச்சி நன்றாக இருக்கிறது. சொரசொரப்பாகத் தெரிந்தால் உடனே எடுத்து அலசிவிட்டு, மின்தடையை இரண்டு மடங்காக்கி மறுபடி இறக்குங்கள்.